70 கொண்டை ஊசி வளைவு... கொல்லிமலை ஏற எந்த என்ஜின் கார் கில்லாடி? 'ரீமேப்' பண்ணினா நிஜமாவே பறக்குமா?

நாமக்கல்:

ஞாயிற்றுக்கிழமை வந்தா போதும். சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி ரோட்டில் சின்ன கார்கள் வரிசை கட்டி ஓடுது. எல்லாம் காரவள்ளி அடிவாரத்தை நோக்கித்தான். ஆடி மாசம் வல்வில் ஓரி விழா நேரம்னா கேட்கவே வேண்டாம். ஆகாய கங்கையில் ஒரு குளியல், அறப்பளீஸ்வரர் கோவிலில் ஒரு கும்பிடு, சோளக்காட்டில் மலை வாழையும் அன்னாசியும் வாங்கிக்கிட்டு சாயங்காலம் இறங்கணும். இதுதான் பிளான்.

ஆனால் இளைஞர்கள் கூட்டத்துக்கு இன்னொரு பிளான் இருக்கு. "என் வண்டி 70 வளைவையும் எவ்வளவு நேரத்துல ஏறும் தெரியுமா?" என்பதுதான் அது. இதற்காகவே செகண்ட் ஹேண்டில் ஸ்விப்ட் வாங்கி, கையில் இருக்கிற காசு, வட்டிக்கு வாங்கின காசு எல்லாத்தையும் கொட்டி என்ஜினை 'ட்யூன்' பண்ணுகிறார்கள்.

இந்த செலவு உருப்படியானதா? மலை ஏற எந்த என்ஜின் லாயக்கு? அதைவிட முக்கியம், ஏறின வண்டி பத்திரமா இறங்குமா? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

70 வளைவின் கணக்கு

கிழக்குத் தொடர்ச்சி மலையில் இருக்கும் கொல்லிமலையின் உயரம் இடத்துக்கு இடம் சுமார் 1000 மீட்டர் முதல் 1300 மீட்டர் வரை. காரவள்ளி அடிவாரத்தில் தொடங்கும் மலைப்பாதையில் மொத்தம் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் நம்பர் போட்ட பலகை நிற்கும். எண்ணிக்கிட்டே போகலாம்.

இந்த ரோட்டில் நேராக ஓடும் தூரம் ரொம்பக் குறைவு. ஒரு வளைவில் வேகம் பிடிப்பதற்குள் அடுத்த வளைவு வந்துவிடும். எதிரே அரசு பஸ் வந்தால் வளைவு முழுவதும் அதுக்கே தேவை. அதனால் கார் பெரும்பாலும் முதல் கியர், இரண்டாவது கியர், தப்பித்தால் மூன்றாவது கியர். இதற்கு மேல் வேலையே இல்லை.

அப்படி என்றால் 160 கிலோ மீட்டர் வேகத்தில் ஓடும் கார் இங்கே எதுக்கு? இங்கே வேண்டியது டாப் ஸ்பீடு இல்லை. நம்ம ஊர் டிரைவர்கள் சொல்கிற 'புல்லிங்'. அதாவது இழுவை.

குதிரை சக்தி வேற... இழுவை வேற!

கார் விளம்பரத்தில் ரெண்டு நம்பர் போடுவார்கள். ஒன்று குதிரை சக்தி. இன்னொன்று டார்க் எனப்படும் இழுவை, இதை நியூட்டன் மீட்டரில் சொல்வார்கள்.

கிணற்றில் தண்ணி இறைப்பதை நினைத்துப் பாருங்கள். கயிற்றை எவ்வளவு பலமாக இழுக்கிறோம் என்பது இழுவை. அந்த பலத்தோடு எவ்வளவு வேகமாக குடம் குடமாக இறைக்கிறோம் என்பது குதிரை சக்தி. பலமும் வேகமும் சேர்ந்ததுதான் குதிரை சக்தி.

கொண்டை ஊசி வளைவில் கார் கிட்டத்தட்ட நின்று திரும்பும். என்ஜின் சுற்று நிமிடத்துக்கு 1,500, 2,000 என்று இறங்கிவிடும். அந்த நேரத்தில் கையில் எவ்வளவு இழுவை இருக்கு என்பதுதான் கேள்வி. 6,000 சுற்றில் கிடைக்கும் பவர் அங்கே உதவாது.

ஸ்விப்ட் வந்த கதை

நம்ம ஊர் இளைஞர்களின் செல்லப் பிள்ளை மாருதி ஸ்விப்ட். 2005 மே மாதம் இந்தியாவில் அறிமுகமானது. அப்போது வந்தது 1.3 லிட்டர் பெட்ரோல் என்ஜின். 87 குதிரை சக்தி, 113 நியூட்டன் மீட்டர் இழுவை. இதே ஜி13 ரக என்ஜின்தான் எஸ்டீமிலும், ஜிப்சியிலும் ஓடியது. பந்தயக்காரர்களுக்கு ரொம்ப பிடித்த என்ஜின் இது. பிரித்து வேலை பார்ப்பது சுலபம், எவ்வளவு முறுக்கினாலும் தாங்கும் என்று பெயர் வாங்கியது.

பிறகு ஏன் 1.3 லிட்டர் போய் 1.2 லிட்டர் வந்தது? காரணம் வரி! 2006 மத்திய பட்ஜெட்டில் நான்கு மீட்டருக்குள் நீளம், பெட்ரோல் என்றால் 1200 சி.சி.க்குள், டீசல் என்றால் 1500 சி.சி.க்குள் உள்ள சின்ன கார்களுக்கு கலால் வரியை 24 சதவீதத்தில் இருந்து 16 சதவீதமாகக் குறைத்தார்கள். அதன் பிறகு கம்பெனிகள் எல்லாம் 1200 சி.சி. கோட்டுக்குள் அடங்கப் பார்த்தன. ஸ்விப்ட்டும் 2010-ல் 1197 சி.சி. கே-சீரிஸ் என்ஜினுக்கு மாறியது. 85 குதிரை சக்தி, அதே 113 இழுவை.

2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி.யில் சின்ன காருக்கு 18 சதவீத வரி என்று குறைத்தபோதும் இதே 1200 சி.சி., 1500 சி.சி., நான்கு மீட்டர் கணக்குதான். நம்ம நாட்டில் சின்ன காரின் என்ஜின் அளவை என்ஜினீயர் பாதி, வரி பாதி முடிவு பண்ணுகிறது என்றால் தப்பில்லை.

இரண்டாம் தலைமுறை ஸ்விப்ட் 2011-லும், மூன்றாம் தலைமுறை 2018-லும் வந்தன. 2021-ல் என்ஜினை மெருகேற்றி 90 குதிரை சக்தி ஆக்கினார்கள். 2024 மே மாதம் வந்த நான்காம் தலைமுறையில் நான்கு சிலிண்டரே போய்விட்டது. மூன்று சிலிண்டர் 1.2 லிட்டர் என்ஜின், 82 குதிரை சக்தி, சுமார் 112 இழுவை.

'என்னப்பா, 90-ல் இருந்து 82 ஆயிடுச்சே' என்று ரசிகர்கள் புலம்பினார்கள். ஆனால் மைலேஜ் லிட்டருக்கு 24.8 கிலோ மீட்டர் என்று கம்பெனி சொன்னது. மாச சம்பளக்காரனுக்கு அந்த நம்பர்தான் முக்கியம்.

டீசல் ஸ்விப்ட்: மலையின் ராஜா!

2007-ல் வந்தது 1.3 லிட்டர் டீசல் ஸ்விப்ட். என்ஜின் இத்தாலியின் பியட் கம்பெனி வடிவமைத்தது. மாருதி, டாட்டா, பியட் என்று ஆளாளுக்கு இதையே போட்டதால் 'தேசிய என்ஜின்' என்றே பட்டப்பெயர் வந்தது.

குதிரை சக்தி வெறும் 75 தான். பெட்ரோலைவிட குறைவு. ஆனால் இழுவை 190 நியூட்டன் மீட்டர்! அதுவும் 2,000 சுற்றிலேயே முழுசாகக் கிடைக்கும்.

கணக்கு போட்டுப் பார்த்தால் விஷயம் புரியும். 2,000 சுற்றில் டீசல் ஸ்விப்ட் கையில் வைத்திருக்கும் பவர் சுமார் 54 குதிரை சக்தி. அதே 2,000 சுற்றில் 1.2 பெட்ரோல் என்ஜின் தன் முழு இழுவை 113-ஐயும் கொடுத்தால்கூட 32 குதிரை சக்திதான் வரும். உண்மையில் அதைவிடக் குறைவாகவே வரும். ஏனென்றால் பெட்ரோலின் முழு இழுவை 4,000 சுற்றுக்கு மேலேதான் கிடைக்கும்.

நாலு பேர் ஏறிய டீசல் கார் மலையில் ஏன் அலட்டிக்காமல் ஏறுகிறது என்பதற்கு விடை இதுதான்.

ஆனால் அதிலும் ஒரு குறை உண்டு. 2,000 சுற்றுக்குக் கீழே போனால் டர்போ தூங்கிவிடும். வளைவில் இரண்டாவது கியரிலேயே திருப்பினால் வண்டி 'உம்' என்று நின்று, பிறகு திடீரென்று பாயும். பழகாதவர்கள் அந்தப் பாய்ச்சலில் வெளிப்பக்கம் போய்விடுவார்கள். வளைவுக்கு முன்பே முதல் கியருக்கு மாற்றிக்கொள்வதுதான் பழகிய டிரைவரின் வேலை.

2020 ஏப்ரலில் பி.எஸ்.6 புகை விதி வந்தபோது மாருதி டீசல் கார்களையே நிறுத்திவிட்டது. இப்போது டீசல் ஸ்விப்ட் வேண்டும் என்றால் செகண்ட் ஹேண்டில்தான் தேட வேண்டும்.

கேஸ் வண்டி ஏறுமா?

2024 செப்டம்பரில் சி.என்.ஜி. ஸ்விப்ட் வந்தது. கேஸில் ஓடும்போது சுமார் 70 குதிரை சக்தி, 102 இழுவை. டிக்கியில் சிலிண்டர் வெயிட் வேற. ஊருக்குள் ஓட்ட செலவு குறைவு, சந்தேகமே இல்லை. ஆனால் ஆள் நிறைய ஏற்றிக்கொண்டு மலை ஏறும்போது மூச்சு வாங்கும். சுவிட்சைத் தட்டி பெட்ரோலுக்கு மாற்றிக்கொண்டு ஏறுவது நல்லது.

மேலே போகப்போக குதிரை குறையும்

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. உயரம் ஏற ஏற காற்று மெலிசாகும். 1,200 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிட சுமார் 11 சதவீதம் குறைவு. காற்று குறைந்தால் எரிக்க முடிகிற பெட்ரோலும் குறையும்.

டர்போ இல்லாத சாதாரண பெட்ரோல் என்ஜின் அடிவாரத்தில் 82 குதிரை என்றால் செம்மேட்டில் சுமார் 73 குதிரைதான். வண்டியில் கோளாறு இல்லை. மலையின் குணம் அப்படி.

டர்போ என்ஜினுக்கு இந்த கஷ்டம் குறைவு. புகையின் வேகத்தில் சுற்றும் ஒரு காற்றாடி, காற்றை அமுக்கி என்ஜினுக்குள் தள்ளுகிறது. வெளியே காற்று மெலிசாக இருந்தாலும் உள்ளே போவது ஓரளவு அதே அளவு.

டர்போ போட்ட 'சூடான' சின்ன கார்கள்

போக்ஸ்வேகன் போலோ ஜி.டி. டி.எஸ்.ஐ. 2013-ல் வந்தது. 1.2 லிட்டர் டர்போ பெட்ரோல், 105 குதிரை சக்தி, 175 இழுவை. பிறகு 2020-ல் 1.0 லிட்டர், 110 குதிரை. 2022-ல் போலோவே நின்றுபோனது. ஆனாலும் பழைய போலோவுக்கு இன்றைக்கும் ரசிகர்கள் கூட்டம் இருக்கு.

2015-ல் வந்த அபார்த் புண்ட்டோ 145 குதிரை சக்தி என்று மிரட்டியது. மாருதியும் 2017-ல் பலேனோ ஆர்.எஸ். விட்டது. 1.0 லிட்டர் டர்போ, 102 குதிரை, 150 இழுவை. ரெண்டும் இப்போது புதுசாகக் கிடைக்காது.

2021-ல் ஹூண்டாய் ஐ20 என்-லைன் (120 குதிரை, 172 இழுவை), 2024 ஜூனில் டாட்டா ஆல்ட்ரோஸ் ரேசர் (120 குதிரை, 170 இழுவை) வந்தன.

ஜப்பானில் 2017-ல் விட்ட ஸ்விப்ட் ஸ்போர்ட் 1.4 லிட்டர் டர்போ, 140 குதிரை, 230 இழுவை. வெயிட்டோ ஒரு டன்னுக்கும் கீழே! நம்ம பசங்க படத்தைப் பார்த்து ஏங்கிய அந்த கார் இந்தியாவில் விற்பனைக்கு வரவே இல்லை. சி.சி.யும் அதிகம், அதற்கேற்ற வரியும் அதிகம். விலை எங்கேயோ போயிருக்கும்.

கோவைக்காரர்கள் செய்த ட்யூனிங்

'ட்யூனிங் என்றாலே வெளிநாட்டு சமாச்சாரம்' என்று நினைத்தால் தப்பு. நம்ம கோயம்புத்தூரிலேயே அது நடந்தது.

கோவை ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸ் நிறுவனமும் டாட்டா மோட்டார்சும் கூட்டு சேர்ந்து 2018 அக்டோபரில் டியாகோ ஜே.டி.பி. என்ற காரை விட்டன. சாதாரண டியாகோ பெட்ரோல் 85 குதிரை, 114 இழுவை. ஜே.டி.பி.யில் 1.2 லிட்டர் டர்போ என்ஜின் போட்டு 114 குதிரை, 150 இழுவை ஆக்கினார்கள். 100 கிலோ மீட்டர் வேகத்தை 10 வினாடிக்குள் தொட்டது. அப்போது ஷோரூம் விலை 6 லட்சத்து 39 ஆயிரம் ரூபாய்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கு. அவர்கள் என்ஜினை மட்டும் ஏற்றிவிட்டு சும்மா விடவில்லை. கியர் விகிதத்தை மாற்றினார்கள். சஸ்பென்ஷனை இறுக்கி உயரத்தை 4 மில்லி மீட்டர் குறைத்தார்கள். 15 அங்குல வீலும் அகலமான டயரும் போட்டார்கள். அரசு அங்கீகாரம் வாங்கி, கம்பெனி வாரண்டியோடு விற்றார்கள்.

2020-ல் பி.எஸ்.6 விதி வந்த நேரத்தில் அந்தக் கார்கள் நின்றுபோயின. ஆனால் அவர்கள் காட்டிய வழி முக்கியம். பவர் கூட்டினால் டயர், சஸ்பென்ஷன், கியர் எல்லாத்தையும் சேர்த்துத்தான் கூட்டணும். அது ஒன்று மட்டும் ஏறினால் ஆபத்து.

ரீமேப் என்றால் என்ன?

இப்போதைய கார்களில் எவ்வளவு பெட்ரோல் தெளிக்கணும், எந்த நொடியில் தீப்பொறி விடணும், டர்போ எவ்வளவு அமுக்கணும் என்பதை எல்லாம் ஒரு கம்ப்யூட்டர் பெட்டிதான் முடிவு பண்ணுகிறது. இ.சி.யூ. என்பார்கள். அதற்குள் இருக்கும் கணக்குப் பட்டியலை மாற்றி எழுதுவதுதான் 'ரீமேப்'. பெட்டியைத் தொடாமல் நடுவில் இன்னொரு பெட்டியைச் சொருகி ஏமாற்றுவது 'ட்யூனிங் பாக்ஸ்'.

பட்டறையில் பேச்சு இப்படித்தான் ஓடும்.

"அண்ணே, ரீமேப் பண்ணினா எவ்வளவு ஏறும்?"

"என்ன வண்டி தம்பி?"

"ஸ்விப்ட் பெட்ரோல்ணே."

"அப்போ காசை பத்திரமா வீட்டுல வை."

ஏன் அப்படி? டர்போ இல்லாத என்ஜினுக்குள் போகும் காற்றின் அளவை கம்ப்யூட்டர் கூட்ட முடியாது. காற்று கூடாமல் பெட்ரோலை மட்டும் கூட்டினால் புகைதான் மிச்சம். 5 சதவீதம் பவர் ஏறினாலே பெரிய விஷயம். 82-ல் 5 சதவீதம் என்றால் நாலு குதிரை!

நாலு பேரோடு ஸ்விப்ட்டின் மொத்த வெயிட் சுமார் 1,200 கிலோ. அதில் 5 சதவீதம் 60 கிலோ. அதாவது டிக்கியில் சும்மா கிடக்கும் மூட்டை முடிச்சு 60 கிலோவை வீட்டில் இறக்கி வைத்தாலே ரீமேப் பண்ணின அதே பலன் கிடைத்துவிடும். பைசா செலவு இல்லை!

டர்போ வண்டியில் கதை வேறு. டர்போவை இன்னும் கொஞ்சம் அமுக்கச் சொன்னால் 20 முதல் 30 சதவீதம் வரை ஏறும் என்பது ட்யூனிங் கடைக்காரர்கள் சொல்லும் கணக்கு. டீசல் ஸ்விப்ட், போலோ ஓட்டுகிறவர்கள் இதில் விழுவது இதனால்தான்.

ஏறின பவர் எங்கே போய் இடிக்கும்?

பவர் ஏறுவது நிஜம். ஆனால் அந்த பவரைத் தாங்க வேண்டியது யார்? 190 இழுவைக்கு என்று செய்த கிளட்ச், அதே கியர் பாக்ஸ், அதே டர்போ. லட்சம் கிலோ மீட்டர் ஓடிய பழைய டீசல் வண்டியில் அந்த கிளட்ச் ஏற்கனவே பாதி தேய்ந்திருக்கும்.

மலையில் முதல் கியரில் தொடர்ந்து ஏறும்போது வண்டியின் வேகம் குறைவு. ரேடியேட்டருக்குக் காற்று குறைவாகப் போகும். சூடு ஏறும். பெட்ரோல் டர்போ என்றால் நேரம் தப்பி எரிந்து என்ஜினுக்குள் 'டக் டக்' என்று தட்டும் சத்தம் வரும். பிஸ்டனுக்கு அது எமன். ரோட்டில் ஒரு நாள் ஓட்டி ஆஹா என்று சொன்ன வண்டி, 40-வது வளைவில் பானட்டைத் திறந்து வைத்து நிற்பது இப்படித்தான்.

வாரண்டி பாக்கி இருந்தால் அதுவும் போச்சு.

சட்டம் என்ன சொல்லுது?

மோட்டார் வாகன சட்டம் 1988, பிரிவு 52-ன்படி ஆர்.சி. புத்தகத்தில் உள்ள கம்பெனி விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது. கேரளாவில் இருந்து போன ஒரு வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு 2019 ஜனவரியில் இதை உறுதி செய்தது.

2019-ல் திருத்திய சட்டத்தின் 182ஏ பிரிவுப்படி, அனுமதி இல்லாமல் வண்டியை மாற்றினால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5 ஆயிரம் ரூபாய் அபராதம் அல்லது 6 மாதம் வரை ஜெயில், அல்லது இரண்டும். சைலன்சரை மாற்றி 'டமார் டமார்' என்று வெடிக்க விட்டால் பிரிவு 190-ன்படி 10 ஆயிரம் ரூபாய் வரை அபராதம், 3 மாதம் வரை ஜெயில், லைசென்சும் 3 மாதம் முடங்கும்.

இதைவிட பெரிய அடி இன்சூரன்சில் விழும். கம்பெனிக்குச் சொல்லாமல் என்ஜினை மாற்றியது தெரிந்தால் வண்டி டேமேஜ் கிளைமை மறுக்க காரணம் கிடைத்துவிடும். எதிரே வந்தவருக்கு இன்சூரன்ஸ் கம்பெனி நஷ்ட ஈடு கட்டினாலும், பிறகு அதை வண்டி ஓனரிடம் இருந்தே வசூலிக்க கோர்ட்டு உத்தரவிடலாம். வண்டிக்கு வாங்கின கடன் ஒரு பக்கம், நஷ்ட ஈடு இன்னொரு பக்கம். கூலி வேலைக்குப் போகும் குடும்பம் தாங்குமா?

ஏற்றம் ஒரு கதை... இறக்கம் நிஜ பரீட்சை!

இதுவரை பார்த்தது எல்லாம் ஏறுவதற்கு. சாயங்காலம் அதே 70 வளைவும் இறங்கணுமே!

ஒரு கணக்கு. 1,200 கிலோ வண்டி 1,000 மீட்டர் உயரத்தில் இருந்து கீழே வரும்போது வெளியேற வேண்டிய சக்தி முழுவதும் சூடாக மாறினால், 40 லிட்டர் பச்சைத் தண்ணியைக் கொதிக்க வைக்கலாம். ஒரு பெரிய அண்டா தண்ணி! பிரேக்கை மட்டும் மிதித்துக்கொண்டே இறங்கினால் அந்தச் சூட்டில் பெரும் பகுதி நாலு சக்கரத்தின் பிரேக்குக்குள்தான் போகும்.

பிரேக் பேட் அளவுக்கு மேல் சூடானால் பிடிப்பு குறையும். மிதித்தால் மிதி கல்லு மாதிரி இருக்கும், வண்டி நிற்காது. பிரேக் ஆயில் கொதித்தால் இன்னும் மோசம். மிதி பஞ்சு மாதிரி உள்ளே போய்விடும்.

டாட்-3 பிரேக் ஆயில் புதுசாக இருக்கும்போது 205 டிகிரியில்தான் கொதிக்கும். ஆனால் அது காற்றில் இருக்கும் ஈரத்தை உறிஞ்சும். ஈரம் ஏறிய பழைய ஆயில் 140 டிகிரியிலேயே கொதித்துவிடும். வருஷக்கணக்கில் மாற்றாத ஆயிலோடு இறங்குகிறவர்கள் இந்த நம்பரை மறக்கக்கூடாது.

இதற்கு மருந்து என்ஜினிலேயே இருக்கு. முதல் அல்லது இரண்டாவது கியரில் போட்டு ஆக்சிலேட்டரில் இருந்து காலை எடுத்தால் என்ஜினே வண்டியைப் பிடித்து நிறுத்தும். 'எந்த கியரில் ஏறினாயோ அதே கியரில் இறங்கு' என்பது லாரி டிரைவர்களின் பால பாடம். லாரிக்குப் பேர் போன நாமக்கல் மாவட்டத்துக்காரர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. கார் வாங்கியதும் மறந்துவிடுகிறார்கள், அவ்வளவுதான்.

'நியூட்ரலில் விட்டால் பெட்ரோல் மிச்சம்' என்பது சுத்தப் பொய். கியரில் இறங்கும்போது இப்போதைய கார்களில் கம்ப்யூட்டர் பெட்ரோல் தெளிப்பதையே நிறுத்திவிடும். நியூட்ரலில்தான் என்ஜின் ஓட பெட்ரோல் செலவாகும். சாவியை அணைத்துவிட்டு இறங்குவது தற்கொலைக்குச் சமம். இரண்டு மூன்று மிதியில் பிரேக்கின் உதவி காலியாகும், ஸ்டியரிங்கும் இறுகிவிடும்.

ரீமேப் காசில் இதைச் செய்யலாம்

ரீமேப்புக்குச் செலவு பண்ணும் பல ஆயிரத்தில் என்னென்ன செய்யலாம் பாருங்கள்.

* நாலு சக்கரத்துக்கும் பிரேக் பேட், லைனிங் மாற்றலாம். பிரேக் ஆயிலை முழுசாக இறக்கி புதுசு ஊற்றலாம். கம்பெனி சொன்ன ரகமா என்று மூடியில் பார்த்து ஊற்றணும்.

* டயரைப் பார்க்கணும். பட்டன் ஆழம் 1.6 மில்லி மீட்டருக்குக் கீழே போயிருந்தால் தூக்கிப் போடணும். டயரின் பக்கவாட்டில் நாலு நம்பர் இருக்கும். 2319 என்றால் 2019-ம் வருஷம் 23-வது வாரம் செய்த டயர் என்று அர்த்தம். பட்டன் இருந்தாலும் ரப்பர் கிழடாகிவிடும்.

* கூலன்ட், ரேடியேட்டர் பேன், கிளட்ச் மூன்றையும் மலை ஏறும் முன்பே மெக்கானிக்கிடம் காட்டணும்.

* ஏர் பில்டரை மாற்றணும். தூசி அடைத்த பில்டரோடு ஓடும் வண்டியில் கம்பெனி கொடுத்த குதிரையே முழுசாக இருக்காது.

* பழைய கார் வாங்குகிறவர்கள் ஏ.பி.எஸ். இருக்கா என்று கேட்டு வாங்கணும். ஆரம்ப கால ஸ்விப்ட்டில் குறைந்த விலை மாடலுக்கு ஏ.பி.எஸ். கிடையாது. 2018 மாடலில் இருந்து எல்லாவற்றிலும் உண்டு. 2024 மாடலில் ஆறு ஏர்பேக், சறுக்காமல் காக்கும் இ.எஸ்.பி., ஏற்றத்தில் பின்னால் உருளாமல் பிடிக்கும் வசதி எல்லாம் அடிப்படை மாடலிலேயே வருது.

* வாங்கப் போகும் டீசல் வண்டி ஏற்கனவே ரீமேப் ஆனதா என்று விசாரிக்கணும். முடுக்கும்போது கரும்புகை கக்குவது, கிளட்ச் வழுக்குவது இரண்டும் சந்தேகத்துக்குரிய அறிகுறி.

மலையில் இன்னொரு விதியும் இருக்கு. அகலம் பத்தாத இடத்தில் ஏறி வரும் வண்டிக்குத்தான் முதல் உரிமை. இறங்குகிறவர் ஒதுங்கி நின்று வழி விடணும். வளைவில் ஹாரன் அடிக்கணும், ஓவர்டேக் கூடவே கூடாது.

ரேஸ் ஓட்டணுமா? இடம் இருக்கு!

வேகம் தப்பில்லை. இடம்தான் தப்பு. கோவை செட்டிப்பாளையத்தில் 2003-ல் திறந்த கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கு. மாருதி கார் என்ஜினை வைத்தே பந்தய கார் செய்து காட்டிய கரிவரதனின் பெயர்தான் அதுக்கு. 2005-ல் இந்தியாவில் இருந்து முதல் ஆளாக பார்முலா-1 ஓட்டிய நரேன் கார்த்திகேயனும் கோவைக்காரர்தான். சென்னை பக்கம் இருங்காட்டுக்கோட்டையிலும் பந்தய டிராக் இருக்கு. அங்கே எதிரே பஸ் வராது. பலாப்பழம் ஏற்றிய டெம்போ வராது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் ரோட்டோரம் நடக்க மாட்டார்கள்.

கொல்லிமலையில் இது எல்லாமே உண்டு. சுற்றுலா வருகிறவர்களுக்கு அது ஒரு நாள் ஜாலி. மலைக் கிராம ஜனங்களுக்கு ஆஸ்பத்திரிக்குப் போக, விளைந்ததை விற்க, பிள்ளைகளைப் படிக்க வைக்க தினமும் ஏறி இறங்கும் பாதை.

அதனால் எந்த என்ஜின் கில்லாடி என்று கேட்டால், இழுவைக்கு டீசலோ டர்போவோ, சிக்கனத்துக்கு சாதாரண பெட்ரோல். எதுவானாலும் கொல்லிமலை ஏறிவிடும். 82 குதிரை தாராளமாகப் போதும். கூட்டவேண்டியது குதிரையை இல்லை, பிரேக்கை!

மேலே ஏற்றிவிடுவது என்ஜின். வீட்டில் கொண்டுவந்து சேர்ப்பது பிரேக்கும், டயரும், டிரைவரின் நிதானமும்தான்.